சோபாக்காவின் காலி நாள்

பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை அந்தத் தெருவே ஒரு பெரிய வரவேற்பறையாக மாறிவிடும். நடைபாதை முழுக்க சோபாக்கள். மூணு பேர் உட்காருவது, ஒத்தை ஆள் உட்காருவது, கால் உடைந்தது, தோல் உரிந்தது, வயிறு கிழிந்து தேங்காய் நார் தொங்குவது. வேலைக்குக் கிளம்பியவர்கள் பஸ் வரும்வரை அதில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருப்பார்கள். "என்ன சோபாக்கா, இன்னைக்குக் காலி நாளா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. 

காலி நாள் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருக்கிறவன் ஒரு வருஷம் விடாமல் இருந்துவிட்டால் அவனுக்கு ஏதோ உரிமை வந்துவிடும் என்று பழைய சட்டத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் ஒப்பந்தம் எப்போதும் பதினோரு மாசம். கடைசி நாள் சாமான் சட்டி எல்லாவற்றையும் வெளியே தூக்கிப் போட்டு, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு ராத்திரி வீடு சும்மா கிடக்கும். மறுநாள் காலையில் புது ஒப்பந்தம், அதே சாவி, அதே வீடு. சட்டத்தின் கண்ணுக்கு நீ நேற்று வந்த ஆள். இதைக் கண்டுபிடித்த மூளைக்காரன் மட்டும் கையில் கிடைத்தால் அவனைச் சும்மா விடக்கூடாது.

சோபாக்கா என்பது தெரு வைத்த பெயர். புருஷனை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். சோபா செய்வதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். அவர் மரச்சட்டம் அடிப்பார், ஸ்பிரிங் கட்டுவார், நாடாப்பட்டை இழுத்து ஆணி அடிப்பார். இவள் துணி வெட்டி, உறை தைத்து, வளைஊசியால் ஓரம் கோத்து மூடுவாள். ஒரு சோபாவைப் பிரித்தால் அந்த வீட்டு வண்டவாளம் முழுக்க வெளியே வரும் என்பாள். சீப்பு, சில்லறை, மாத்திரை, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட சீட்டு. ஒரு தடவை ஒரு பெரிய மனுஷர் வீட்டு சோபாவிலிருந்து பல்செட்டு வந்தது. அதைக் கழுவித் துடைத்து, உறையோடு சேர்த்து நாசூக்காகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு வாயை மூடியபடியே தலையாட்டினாராம். இதை அவள் நடித்துக் காட்டினால் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

அவளுடைய சின்ன வயசு மெத்தைக் கிடங்கில் பஞ்சு அடித்தே போனது. மூக்கிலும் காதிலும் பஞ்சு. கல்யாணமான நேரம் மாஸ்டர் வேலை பார்த்த நாற்காலிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கையில் தொழில் இருந்தது, செய்ய இடம் இல்லை. ஆணிச் சத்தம், தூசு, பசை நாற்றம் என்று ஒருத்தரும் வீடு கொடுக்கவில்லை. நடைபாதையோரம் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். குழந்தை மூட்டைக்கு நடுவில் தூங்கும். அப்போது தன் நாற்காலிக்குத் துணி மாற்ற வந்தவர்தான் மாடியம்மா.

மாடியம்மாவுக்குக் கீழ்த்தளம் சும்மா கிடந்தது. முன்னால் கார் நிறுத்தும் கொட்டகை, பின்னால் இரண்டு அறை. "சத்தம் வந்தா வரட்டும், தனியா இருக்கிறவளுக்குச் சத்தமும் ஒரு துணைதான்" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக மாஸ்டர் அவரைத் தெய்வமாகவே நினைத்தார். அங்கேதான் மகள் வளர்ந்தாள், படித்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள்.

காலி நாள் வரும்போதெல்லாம் மாடியம்மாதான், "தெருவுல கிடக்காதீங்க, மேல வந்து படுங்க" என்று தன் ஹாலில் பாய் போடுவார். சாவி அவர் தலையணைக்கு அடியில். மாஸ்டர் படுத்ததும் குறட்டை. அவள் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பாள். காலையில் இந்த அம்மா சாவியைத் தராவிட்டால்? யாராவது கூடுதல் வாடகை பேசியிருந்தால்? கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள். நாக்கு மேல் எழாது. விடிந்ததும் மாடியம்மா டீயோடு சாவியைக் கொடுப்பார். அந்த டீ இனிக்குமா கசக்குமா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அப்படியே விழுங்கிவிட்டுக் கீழே ஓடுவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

எதிரே சலூன் வைத்திருப்பவர் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள். யாருக்காவது முகத்தில் நுரை போட்டுவிட்டு, அவர் வாயைத் திறக்க முடியாத நேரமாகப் பார்த்து நாட்டு நடப்பு பேசுவார். அன்றைக்கு அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணாந்தேதியிலிருந்து புதுச் சட்டமாம். அன்னைக்கு யார் எந்த வீட்டுல, எந்தக் கடையில இருக்காங்களோ, அவங்களைக் கோர்ட்டு சொல்லாம யாரும் வெளிய அனுப்ப முடியாது. குடும்பம், கடை, பட்டறை எல்லாத்துக்கும் இதுதான். காலி நாள் கதையெல்லாம் இனிமே செல்லாது."

"அடேங்கப்பா! அப்போ சோபாவைத் தூக்கித் தூக்கி எங்க இடுப்பு ஒடியிறது நிக்குமா?"

"நிக்கும். ஆனா ஒண்ணாந்தேதி நீங்க உள்ள இருக்கணும்க்கா. வெளிய இருந்தீங்கன்னா உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. உங்க காலி நாள் எப்போ?"

அவள் விரலை விட்டு எண்ணவில்லை. அந்தத் தேதி அவளுக்குப் பாடம். "அதுக்கு முந்தின நாள்" என்றாள்.

சலூன்காரர் கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது. நுரை முகத்துக்காரர்கூடக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"நிறைய வீட்டுக்காரங்க இந்தத் தடவை காலி நாளை நிஜமாவே காலியாக்கப் பாக்குறாங்கக்கா. பின்தெரு அச்சகக்காரர் போன வாரம் சாவி கொடுத்தார்ல, அந்தச் சாவி திரும்ப வரவே இல்ல. மிஷினையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வச்சுக்கிட்டு உட்காந்திருக்கார் மனுஷன்."

அவள் அச்சகக்காரரைப் போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். பூட்டின ஷட்டருக்கு முன்னால் மடக்கு நாற்காலி போட்டுத் தன் கடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நானாத்தான் தூக்கி வெளிய வச்சேன்மா, கூட்டிப் பெருக்கிக் குடுத்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "என்னங்க, இந்தத் தடவை நாம வெளிய போக வேணாம்."

மாஸ்டர் வாயில் ஆணியைக் கவ்வியிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். "யாருகிட்ட போய் இப்படி ஒரு பேச்சுப் பேசுறது? நடைபாதையில கிடந்த நம்மளத் தூக்கி உள்ள வச்சவங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அவங்க முகத்துல முழிக்கிறது இருக்கட்டும். தெருவுல முழிக்க வேண்டி வந்தா?"

"வராது. அம்மா அப்படிப்பட்டவங்க இல்ல."

"வீடு இப்போ அம்மா பேர்லயா இருக்கு?"

மாஸ்டர் கீழே வைத்த ஆணிகளை மறுபடி வாயில் கவ்விக்கொண்டார். போன வருஷமே மாடியம்மா வீட்டைத் தன் மகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "என்கிட்ட இருந்தா என்ன, அவகிட்ட இருந்தா என்ன, ஒரே மக" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதிலிருந்து வாடகை, ஒப்பந்தம் எல்லாம் மாப்பிள்ளை கையில். மாப்பிள்ளை சத்தம் போடத் தெரியாதவர். சர்க்கரையை வாயில் வைத்துக்கொண்டே பேசுவது மாதிரி இருக்கும். அவளுக்கு என்னமோ அந்த ஆள் சிரித்தாலே குளிர் எடுக்கும்.

மறுநாள் டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இன்றைக்கு எப்படியும் கேட்டுவிடுவது என்றுதான் போனாள். மாடியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

"அம்மா, காலி நாள் வருதே…"

"ஆமாமா, மாப்பிள்ளையே வர்றேன்னுட்டார். சாவியை அவர்கிட்டயே குடுத்திடு. எனக்கும் முடியல பாரு."

 கேட்க வந்ததை அப்படியே டீயோடு வைத்துவிட்டுப் படி இறங்கினாள். தன்னையே நாலு திட்டுத் திட்டிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவளுக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் வரமாட்டேன் என்கிறதே, தூ!

காலி நாளும் வந்தது. அவள் கண் அசந்த நேரம் பார்த்து மாஸ்டர் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். அவள் எழுந்து பார்த்தபோது கொட்டகை முக்கால்வாசி காலி. மூணு பேர் சோபா, ரெக்சின் சுருள்கள், நார் மூட்டை, பீரோ, சமையல் பாத்திரம் எல்லாம் நடைபாதையில். மனுஷன் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட வேறு ஆரம்பித்திருந்தார். அச்சகக்காரர் சொன்னது அவள் காதில் அப்படியே கேட்டது.

"துடைப்பத்தைக் கீழ போடுங்க!" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர் நிஜமாகவே கீழே போட்டுவிட்டார்.

உள்ளே மிச்சமிருந்தது பிரித்துப் போட்ட ரெண்டு பேர் உட்காரும் சோபா ஒன்று. துணியில்லை, நாரில்லை, வெறும் மரச்சட்டமும் பட்டையும். அவள் போய் அதில் உட்கார்ந்தாள். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் எழுந்திரிக்க மாட்டேன். இதையும் தூக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்குங்க."

"மானத்தை வாங்காதே" என்றார் மாஸ்டர், கிட்டத்தட்ட அழுதுகொண்டு. "இவ்வளவு காலம் ஒரு பேச்சு மாறாம இருந்திருக்கோம். கடைசியில ஏமாத்துக்காரங்கன்னு நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசுவாங்க."

"பேசட்டும். உள்ள உட்காந்துக்கிட்டுக் கேட்டுக்கறேன்."

அந்த நேரம் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. சோபாக்களுக்கு நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் ஒட்டி நிறுத்தினார். கூடவே ஒரு ஆள் இறங்கினான். அவன் கையில் புதுப் பூட்டு, அட்டையிலிருந்துகூடப் பிரிக்காதது. பழைய பூட்டும் சாவியும் இருக்கும்போது புதுப் பூட்டு எதற்கு? அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. 

"என்ன மாஸ்டர், வேலை முடிஞ்சுதா?" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தவர், அவளைப் பார்த்ததும் நின்றார். "என்னம்மா உட்காந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். நாங்க இந்தத் தடவை காலி பண்ணல."

"ஒப்பந்தம் இன்னியோட முடியுதே."

"முடியட்டும். புதுசு போடுங்க. உள்ள இருந்துக்கிட்டே கையெழுத்துப் போடறோம்."

மாப்பிள்ளையின் சிரிப்பு போகவில்லை, கண் மட்டும் மாறியது. "இன்னைக்கு ராத்திரி வரைக்கும் பழைய சட்டம்தாம்மா. நான் போலீஸைக் கூப்பிடலாம், தெரியுமில்ல?"

 போலீஸ் என்றால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பயம். அதற்குள் சலூன்காரர், பாதி மழித்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டபடி தெருவைத் தாண்டி வந்துவிட்டார்.

"பழைய சட்டத்துலயும் உள்ள இருக்கிறவங்களைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ள முடியாது சார். நோட்டீஸ் குடுக்கணும், கேஸ் போடணும். அவங்களா வெளிய வந்தாத்தான் உங்களுக்கு வசதி. அதுக்குத்தானே பூட்டோட வந்திருக்கீங்க?"

தெருவில் கூட்டம் சேர்ந்தது. பஸ் வந்தும் யாரும் ஏறவில்லை. சிலர் சோபாவில் வசதியாக உட்கார்ந்தே வேடிக்கை பார்த்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி. என்னை நம்ப வேணாம். அத்தையே வந்து கேக்கட்டும். அவங்க கேட்டா குடுப்பீங்கல்ல?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் மாடி ஏறினார். பூட்டுக்காரன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். அவள் ஒரு அடி வெளியே வைத்தால் கதவை இழுத்துவிடுவான். அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் மாடியம்மா கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்தார். வெளியே போகும்போது கட்டுகிற புடவை. பின்னால் மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏண்டி, சாவி தரமாட்டேங்கிறியாமே?" என்று கேட்டார் மாடியம்மா. "நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? இந்த வீட்டுல உங்களை ஒரு நாளாவது வாடகைக்காரங்களா நினைச்சிருக்கேனா?"

போலீஸ் பயத்தைவிட இதுதான் அவளைக் கொன்றது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கும் எழுந்து போய் அந்தக் காலைத் தொட்டு, இந்தாங்க என்று சாவியைக் கொடுத்துவிடலாம் போல் இருந்தது. முடிச்சில் கைகூடப் போய்விட்டது. அப்போதுதான் அந்தப் பெட்டி அவள் கண்ணில் பட்டது.

"அம்மா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"மக வீட்டுக்குத்தான். மாடி ஒழுகுதாம், ஆள் வந்து பாக்கணுமாம். ஒரு ராத்திரிதான், நாளைக்கு வந்திடுவேன்."

 மழையே இல்லாத மாசத்தில் மாடி எப்படி ஒழுகும்? கீழே ஒரு ராத்திரி, மேலே ஒரு ராத்திரி. வீடு மகள் பேரில் இருக்கிறது. ஒண்ணாந்தேதி மாடியில் யார் இருக்கிறார்களோ அவர்களையும்தானே கோர்ட்டு சொல்லாமல் அசைக்க முடியாது! ஐயோ, இந்த அம்மாவுக்கும் இன்றைக்குக் காலி நாள். பாவம், அது தெரியாமல் நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"அம்மா, போகாதீங்க!"

மாடியம்மாவுக்குக் காதில் சரியாக விழவில்லை. விழுந்திருந்தாலும் கோபத்தில் திரும்பியிருக்க மாட்டார். "நேரமாகுது அத்தை, வாங்க" என்று மாப்பிள்ளை தோளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போனார். சாவிப் பிரச்சினையைக்கூட அவர் விட்டுவிட்டார். கீழ்த்தளம் அப்புறம், முதலில் மாடி. கார்க் கதவு திறந்தது. மாடியம்மா உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

அவள் வாசல்படி வரைக்கும் ஓடினாள். பூட்டுக்காரன் நிமிர்ந்து நின்றான். ஒரு அடி. அந்த ஒரு அடியை வைத்தால் இத்தனை காலம் வாழ்ந்த வீடு போச்சு. வைக்காவிட்டால் அந்த அம்மா போச்சு. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க!" என்று புருஷனைப் பார்த்து அலறினாள். "அம்மாவையும் காலி பண்றாங்கங்க! விடாதீங்க!"

மாஸ்டர் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று தெரு முழுக்கப் பேர். அவர் ஒரு தடவை அவளைப் பார்த்தார், ஒரு தடவை காரைப் பார்த்தார். பிறகு அந்த மூணு பேர் சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். உட்கார்ந்திருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் காருக்கு முன்னால் குறுக்கே போட்டார். சலூன்காரருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஒத்தை நாற்காலிகளை இழுத்துப் பின்பக்கம் சாத்திவிட்டார்.

மாப்பிள்ளை ஹாரனை அடித்துவிட்டு இறங்கினார். "மாஸ்டர், என்ன பண்றீங்க?"

மாஸ்டர் சோபாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "சாமான் வைக்க எடம் பத்தல சார்" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. காரின் பின்கதவைத் திறந்து, "அம்மா, கொஞ்சம் இறங்குங்க. அவ என்னமோ கேக்கணுமாம்" என்றார்.

மாடியம்மா எரிச்சலோடு இறங்கினார். "இன்னும் என்ன?"

"அம்மா, மாடிச் சாவி யார்கிட்ட?" என்று வாசல்படியிலிருந்தே தொண்டை கிழியக் கத்தினாள் அவள்.

"மாப்பிள்ளைகிட்ட."

"நாளைக்குத் திரும்பத் தருவாரான்னு கேளுங்க!"

"பைத்தியமாடி உனக்கு? என் மாப்பிள்ளையைப் போய்…" மாடியம்மா சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார். "பாருங்க இவ பேச்சை. தருவீங்கல்ல?"

மாப்பிள்ளை வாட்ச்சைப் பார்த்தார். "அதையெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் அத்தை. முதல்ல ஏறுங்க."

மாடியம்மாவின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு இல்லாமல் போனது.  பையிலிருந்து போனை எடுத்தார். காது மந்தமென்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மகள் குரல் நடுத்தெருவில் எல்லாருக்கும் கேட்டது.

"கிளம்பிட்டியாம்மா?"

"நாளைக்கு நான் திரும்பி வந்திடலாம்லடி?"

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. பிறகு, "அங்க தனியா இருந்து என்னம்மா பண்ணப் போறே? எங்களோடயே இருந்திடேன். இடத்தை வாங்குறவங்க ஆள் யாரும் இல்லாமக் குடுக்கணும்னு சொல்றாங்க. இன்னைக்கு விட்டா சட்டம் அது இதுன்னு வருஷக்கணக்குல இழுக்குமாம். உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னுதான்…"

"உன் வீட்டுல எனக்கு எந்த ரூம்?"

"ரூம் எல்லாம் பசங்க வச்சிருக்காங்களேம்மா. ஹால்ல ஒரு கட்டில் போட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்கும்."

மாடியம்மா போனை வைத்துவிட்டார்.  அவர் மாப்பிள்ளை முன்னால் போய்க் கையை நீட்டினார்.  நீட்டிய கையை இறக்கவில்லை. மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தார். முன்னால் சோபா, பின்னால் நாற்காலி, நாலாபுறமும் ஜனம். முகத்தில் ஈயாடவில்லை. சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"நீங்க பண்றது சரியில்ல அத்தை. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு ஒண்ணாந்தேதி சார்" என்றார் சலூன்காரர், நாற்காலியை நகர்த்தி வழிவிட்டுக்கொண்டே.

கார் போயிற்று. பூட்டுக்காரன் பூட்டை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றுவிட்டு அவனும் போனான். சலூன்காரர், காரிலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டியை மாடிப்படியில் கொண்டுபோய் வைத்தார். மாஸ்டர் ஒரு முனையையும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மறுமுனையையும் பிடித்து சோபாக்களை உள்ளே கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

மாடியம்மா மாடிக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் வந்து, அந்த வெறும் மரச்சட்டத்தில், மறுபடி போய் உட்கார்ந்திருந்த சோபாக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டை அழுத்தி வலித்திருக்கும். அவர் நகரவில்லை. சோபாக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பயமா, சந்தோஷமா, அந்த அம்மாவை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சாமான் எல்லாம் உள்ளே வந்த பிறகு மாடியம்மா பேசினார். "என் வாயிலிருந்து அந்தக் கேள்வி வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு. நீ இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட என்கிட்ட கேட்டதில்லையே, நாளைக்குச் சாவி தருவீங்களான்னு?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மாடியம்மா கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாரைப் பாத்துடி இந்தக் கேள்வி கேக்குறேன்னு கோவம் வந்திருக்கும். அடுத்த நாளே வேற ஆளுக்கு விட்டிருப்பேன்."

"அதாம்மா கேக்கல" என்றாள் சோபாக்கா.